மன்னாரில மாமி வீட்டில மூண்டு நாள்: கழுதையைப் பாத்துச் சிரிச்சாப் பிடிபட்டிடுவீங்கள்

முதலே சொல்லிப்போடுறன், நாங்கள் காசு குடுத்து நிண்ட இந்த வீட்டின்ர பேர் இதில வராது. வெளிக்கிடேக்க வீட்டுக்கார மாமியே "பிள்ளை, பேரைக் கீரைப் போட்டு பஸ் பஸ்ஸா ஆக்களைக் கொண்டந்து இறக்கிப்போடாத" எண்டு சொல்லித்தான் விட்டவ. பேசாலை தாண்டித் தலைமன்னாருக்குப் போற றோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க, நாலு அறை, மணல் முத்தம், ஒரு பெரிய வேம்பு, வேம்புக்குக் கீழ எந்த நேரமும் ஆரோ ஒராள் வலை பொத்திக்கொண்டு இருப்பார். அட்ரஸ் அவ்வளவுதான். மன்னார்ப் பக்கம் சொந்தம் இருக்கிற ஆக்கள் விசாரிச்சா ஒரு கோலில கண்டுபிடிச்சிடுவியள்.

நாங்கள் கிளிநொச்சி. தம்பி சுவிசில இருந்து வந்து நிண்டவன், வந்து ரெண்டு கிழமையில வெயிலும் சொந்தக்காரற்ற விருந்தும் அலுத்துப்போய், அக்கா எங்கயும் தீவு ஒண்டுக்குப் போவம், ஆனா ஹோட்டல் வேண்டாம், டூரிஸ்ற் மாதிரி நிக்க விருப்பமில்ல, அங்கத்த ஆக்களோட ஆக்களா நிக்கோணும் எண்டு ஒரே ஆக்கினை. எனக்குச் சிரிப்பு. மன்னார் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரித்தானே, பரந்தனால திரும்பிப் பூநகரி போய் ஏ32 றோட்டைப் பிடிச்சா முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, எல்லாமாப் பாத்தா நூறு கிலோமீற்றர் வரும். தமிழ் கதைப்பம், மீன் தின்னுவம், சைவக்காரர் எண்டாலும் மடு மாதா கோயிலுக்கு நேத்தி வச்சுப் போய்வாற ஆக்கள், பிறகென்ன கலக்கிறதுக்கு இருக்கு, தானாக் கலந்திடுவம் எண்டுதான் நானும் இவரும் நினைச்சம். பாலம் தாண்டி அரை மணித்தியாலத்தில வெளியாக்கள் எண்டு பிடிபட்டிட்டம்.

முதல் பிழை, போன நாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு டவுனுக்குள்ள இறங்கினா பிள்ளையளுக்குப் பசி, நாங்கள் பாத்து வச்ச சாப்பாட்டுக் கடை பூட்டு. கதவைத் தட்டிப் பாத்தம் வேற. சைக்கிளில போன ஒரு நானா நிப்பாட்டி, "ஜும்மா நேரம் அம்மா, தொழுகை முடிய ஒண்டரைக்கு மேல வாங்க" எண்டு சொல்லிப்போட்டுப் போனார், வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக் கதவு தட்டுற ஆக்கள் ஊராக்கள் இல்ல எண்டு அவற்ற முகத்திலேயே எழுதிக் கிடந்தது. மன்னாரில வேதக்காரர், முஸ்லிம், சைவம் மூண்டும் இருக்கு, வெள்ளி மத்தியானத்துக்கு ஒரு கணக்கு, ஞாயிறுக்கு ஒரு கணக்கு. போறதுக்கு முன்னம் இதை ஒருக்கா யோசிச்சிருந்தா பிள்ளையள் பிஸ்கட்டோட நிண்டிராதுகள்.

ரெண்டாவது கழுதை. மன்னாரில கழுதை றோட்டில நிக்கும், பஸ் ஸ்ராண்டில நிக்கும், கடை வாசலில நிண்டு காட்போட் பெட்டி சப்பும். அந்தக் காலத்தில அரபு வியாபாரியள் சாமான் சுமக்கக் கொண்டந்த கழுதையளின்ர வழி எண்டு சொல்லினம். இப்ப அடிபட்ட கழுதையளுக்கு மருந்து கட்டுறதுக்கெண்டே ஒரு இடம் டவுனில இருக்கு. ஊர்ச்சனம் கழுதையைத் திரும்பியும் பாக்கிறேல்ல, நாங்கள் றோட்டில மாட்டைப் பாக்காத மாதிரி. தம்பி என்ன செய்தவன், வானால குதிச்சு செல்பி, பிறகு அந்த பிஸ்கட் பக்கற்றில மிச்சத்தை நீட்ட கழுதை பக்கற்றோட சேத்துத் தலையை வானுக்குள்ள விட்டிட்டுது, சின்னவள் கத்துறாள், இவர் கதவைச் சாத்தவும் ஏலாம நிக்கிறார், வெள்ளைச் சட்டையோட ரியூசனுக்குப் போன ரெண்டு பெட்டையள் நிண்டு சிரிச்சுப்போட்டு "எங்க இருந்து வந்தனீங்கள் அண்ணை?" எண்டு கேட்டுதுகள். சுவிஸ் எண்டான். விளங்கினது எண்ட மாதிரித் தலையாட்டிப்போட்டுப் போயிட்டுதுகள்.

இனி வீட்டுக்கு வாறன், றிவ்யூ எழுதத்தானே வந்தனான்.

ரெண்டு அறை சொல்லி ரெண்டு தரம் கோல் எடுத்து உறுதிப்படுத்தினது. போய்ப் பாத்தா ஒரு அறைதான். மற்றதில மாமியின்ர ஆரோ சொந்தக்காரர் வந்து படுத்திருக்கினம், அவ அதை ஒரு பிழையாவே நினைக்கேல்ல, "அவை நாளைக்குப் போயிடுவினம், இண்டைக்கு ஒருக்கா நெருங்கிப் படுங்கோ, பாய் தாறன்" எண்டிட்டா. காசு குடுத்து வாற ஆக்களுக்கு இது சரியில்ல, நான் முகத்தை நீட்டிக்கொண்டுதான் நிண்டனான். நாள் ஒண்டுக்கு அறைக்கு 5,000 ரூபா, சாப்பாடு வேற. பான் ஒண்டு, அது சுத்தேக்க "டக் டக்" எண்டு ஒரு சத்தம், ஏசி இல்ல, நுளம்புவலை நல்லாக் கிடந்தது, பாத்றூம் துப்பரவு ஆனா குழாயில தண்ணி நூலா வரும், குளிக்கிறதெண்டா கிணத்தடிதான். தண்ணி கொஞ்சம் சவர், சோப்பு நுரைக்காது, தலைமயிர் தும்பு மாதிரி ஆகும். குடிக்கிறதுக்கு வேற தண்ணி ஒரு பானையில மூடி வச்சிருப்பா. தம்பி போத்தல் தண்ணி பன்னிரண்டு கொண்ட பெட்டியை இறக்க, மாமி அதைப் பாத்த பார்வையை நான் மறக்கமாட்டன். பேச்சு ஒண்டுமில்ல. பார்வை மட்டும்.

நான் "அன்ரி, தேத்தண்ணி கொஞ்சம் கிடைக்குமோ" எண்டு கேட்டதுக்குத்தான் முதல் பாடம் நடந்தது. "அன்ரி எண்டா கொழும்பு ஆக்கள் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு, மாமி எண்டு கூப்பிடு. கிடைக்குமோ எண்டு கேக்கிறது கடையில. குசினி உங்க கிடக்கு, கேத்திலும் கிடக்கு." சொல்லிப்போட்டு அரிவாளோட மீன் வெட்டப் போயிட்டா. எனக்கு முதல் சுள்ளெண்டு இருந்தது. பிறகு குசினிக்குள்ள போய் நானே ஊத்தி, அங்க இருந்தவைக்கும் ஊத்திக் குடுக்க, வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா கிளாசை வாங்கிக்கொண்டே "எந்த ஊர் பிள்ளை, ஆற்ற பிள்ளை" எண்டு தொடங்கினார். உந்தக் கேள்விக்கு ஒழுங்கா மறுமொழி சொல்லுங்கோ. வெளிநாட்டில இருந்து வாறவைக்கு உது விடுப்புக் கேக்கிற மாதிரித் தெரியும், தம்பி பிறகு "எதுக்கு அக்கா எங்கட அப்பா என்ன வேலை எண்டெல்லாம் கேக்கினம்" எண்டு முறைப்பாடு. ஆனா நான் பரந்தன், அப்பா கெமிக்கல் பக்டரியில இருந்தவர் எண்டு சொல்லி வாய் மூட முதல், ஐயாவின்ர மச்சான் ஒராள் அங்க வேலை செய்தவர் எண்டு வந்திட்டுது. அவ்வளவுதான், நுழைவாயில் அது. அதுக்குப் பிறகு நாங்கள் ஆற்றையோ பிள்ளையள்.

ஒண்டு மட்டும் கவனம். அவை கேப்பினம், நீங்கள் திருப்பி எல்லாத்தையும் கேக்கப்படாது. மாமி 90இல வள்ளத்தில ராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில கனகாலம் இருந்திட்டு வந்தவ. அது நாங்கள் கேட்டு வந்த கதை இல்ல, ரெண்டாம் நாள் ராவு கறன்ற் போன நேரம் முத்தத்தில இருந்து தானாச் சொன்னது. வன்னியில இருந்து போற எங்களுக்கு இது சொல்லித்தரத் தேவையில்ல, எங்களட்டயும் ஆரும் வந்து முள்ளிவாய்க்கால் எப்பிடி எண்டு சாப்பிடேக்க கேட்டா எங்களுக்கு எப்பிடி இருக்கும்.

உடுப்பு. தம்பி அரைக்காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும், முகத்தில சன்கிறீம் அப்பி சுண்ணாம்பு அடிச்ச மதில் மாதிரி. மாமி அலுமாரியால ஒரு சாரம் எடுத்து நீட்டினா, பழசு, நீலப் பெட்டி போட்டது. அவனுக்குக் கட்டத் தெரியேல்ல! பதினைஞ்சு வயசில போனவன். ஐயா எழும்பி வந்து அவனுக்குச் சாரம் கட்டிக் காட்டின காட்சி இருக்கே, அதுக்கே அந்த 5,000 சரி. பொம்பிளையளுக்குப் பெரிசா ஒண்டுமில்ல, கோயிலுக்குப் போற மாதிரி உடுத்தாக் காணும், கடலுக்குள்ள இறங்கிறதும் சட்டையோடதான், கீரிக் கடற்கரையில நிண்ட பொம்பிளையளும் அப்பிடித்தான் குளிச்சினம்.

இப்ப மீன். இதைக் கொஞ்சம் விரிச்சு எழுதத்தான் வேணும்.

நாங்கள் போனது மாசி, வாடை இன்னும் முழுசா விடேல்ல, வடகடல் குழம்பிக் கிடக்கெண்டு கனபேர் தென்கடலிலதான் தொழில். பேசாலைப் பக்கத்து ஆக்கள் வடகடல், தென்கடல் எண்டுதான் கதைப்பினம், காத்து மாறக் கடலும் மாறும், வள்ளமும் வாடியும் இடம் மாறும். ஒருத்தரும் "தீவு" எண்டு சொல்லிக் கேக்கேல்ல, எல்லாம் "பாலத்துக்கு அங்கால", "பாலத்துக்கு இங்கால". நீங்கள் தீவு தீவு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சா அதிலயும் பிடிபடுவியள்.

சனி விடிய ஐயாவோட கரைக்குப் போனம். மேல பெரிய காத்தாடியள் சுத்துது, நடுக்குடாப் பக்கம், 2020 மார்கழியில திறந்த 100 மெகாவாற் காத்தாலை. தம்பி வாயைத் திறந்து "என்ன வடிவு" எண்டு தொடங்க ஐயா அவன்ர முழங்கையைப் பிடிச்சார். அது வந்தாப்பிறகு மீன் குறைஞ்சு போச்சு, மழை வெள்ளம் கடலுக்கு ஓடாமத் தேங்குது எண்டு அங்கத்தச் சனம் சொல்லுது, இன்னும் கட்டப்போயினம் எண்டதை எதிர்த்து 2025 ஆவணியில மன்னார் டவுனில நாள்க்கணக்கா இருந்து போராடினவை. நீங்கள் என்ன நினைச்சாலும் பரவாயில்ல, அந்தக் கரையில நிண்டு அதை வடிவெண்டு சொல்லாதேங்கோ.

வள்ளம் ஒண்டு வந்து கரை தட்டிச்சு. றெஜிபோம் பெட்டியோட வியாபாரியள், பேசினோட பொம்பிளையள், பெடியள் எல்லாம் சுத்தி நிக்கினம். வலையால கழட்டிக் கழட்டி மணலில குவிக்கினம், சூடை ஒரு பக்கம், ஓரா ஒரு பக்கம், நண்டு உயிரோட காலை அடிச்சுக்கொண்டு, ஒரு பெரிய திருக்கை செட்டையை மெல்லத் தூக்கித் தூக்கிப் போடுது. தம்பி முன்னுக்குப் போய்ச் சத்தமா "அண்ணை, கிலோ எவ்வளவு?" எண்டான். ஒரு நிமிசம் எல்லாரும் கதையை நிப்பாட்டிச்சினம். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவனை மேல இருந்து கீழ பாத்து ஒரு விலை சொன்னார், கிளிநொச்சிச் சந்தையில அந்தக் காசுக்கு மீனோட தேங்காயும் வாங்கலாம். ஐயா ஒண்டும் சொல்லேல்ல, எங்களை இழுத்துக்கொண்டு போய்த் தள்ளி இருத்திப்போட்டுச் சொன்னார், கிலோக் கணக்கு டவுனில தம்பி, இஞ்ச குவிச்சு வச்சு விக்கிற கூறு. கூறு விலை முதல் வியாபாரி கேட்டு முடியோணும், பிறகுதான் வீட்டுக்கு வாங்கிறவை. அதுமட்டும் சும்மா நிக்காத. கை வெறுங்கையாத்தானே கிடக்கு, அங்க அடுத்த வள்ளம் வருது, போய்ப் பிடி.

போய்ப் பிடிச்சான், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, இவரும் போனார். வள்ளம் இழுக்கிறது உடம்புப் பலம் இல்ல, எல்லாரும் சேந்து ஒரே நேரத்தில உன்னுறது, இவன் முதல் ரெண்டு தரமும் பிந்தி உன்னி விழுந்து எழும்பினான், மூண்டாம் தரம் சரியாப் போச்சு. வள்ளம் மேட்டில ஏறினாப்பிறகு அந்தச் சம்மாட்டி, வேற ஆள், ஒண்டும் கதைக்காம ஒரு பொலித்தீன் பையில ரெண்டு கை நிறையச் சூடை அள்ளிப் போட்டு நீட்டினார். காசு எடுக்கப் போனவனுக்கு ஐயா கண்ணைக் காட்டினார். கை குடுத்தவனுக்குக் கறிக்கு மீன், அதுக்குக் காசு நீட்டினா மரியாதைக் குறைவு. அந்தச் சூடையைப் பொரிச்சு மத்தியானம் சாப்பிட்டது. குளத்து விராலும் ஜப்பான் மீனும் தின்னு வளந்த எங்கட நாக்குக்கு அது வேற உலகம், முள்ளோட மொறு மொறு எண்டு, சின்னவள் பதினாலு மீன் எண்ணித் திண்டவள்.

மாமியின்ர சமையலைப் பற்றி நேர்மையாச் சொல்றதெண்டால் நண்டுக்கறிக்கும் திருக்கை வறைக்கும் பத்துக்குப் பத்து, முருங்கையிலை போட்டுப் பிரட்டின நண்டு, விரலைச் சூப்பிக்கொண்டே இருந்தம். ஆனா சொதி தண்ணி, பால் காணாது, எங்கட வீட்டில அப்பிடி வச்சா இவர் கோப்பையைத் தள்ளிப்போடுவார். சோறும் ஒரு நாள் குழைஞ்சு போச்சு. தேத்தண்ணி சீனிப்பாணி. பிள்ளையளுக்கு உறைப்புக் குறைக்கச் சொன்னா "பழகட்டும்" எண்டு மறுமொழி வரும், ஆகவே சின்னப் பிள்ளையளோட போறவை பாணும் வாழைப்பழமும் கையில வச்சிருங்கோ.

மற்ற இடங்கள் ஓடி ஓடித்தான் பாத்தது. கோட்டை, போத்துக்கேயர் 1560இல கட்டினது, 1658இல ஒல்லாந்தர் பிடிச்சது, உள்ளுக்க பத்தையும் வெயிலும். பள்ளிமுனையில அந்தப் பெரிய மரம், தம்பி போனைப் பாத்து "பாவோபாப் எங்க இருக்கு, பாவோபாப்" எண்டு மூண்டு பேரிட்டக் கேட்டான், மூண்டு பேரும் தெரியாது எண்டிட்டினம், நாலாவதா ஒரு சின்னப் பெடியன் "பெருக்கமரமோ?" எண்டு கேட்டுப்போட்டு விரலை நீட்டினான், அது எங்களுக்குப் பின்னாலேயே நிண்டது. சுத்தளவு 19 மீற்றருக்கு மேல, வயசு 700 வருசம் எண்டு சொல்லினம். ஊர்ப்பேரை முதல் படிச்சுக்கொண்டு போங்கோ, கூகிள் பேர் அங்க செல்லாது.

தலைமன்னார் இறங்குதுறையில கொஞ்ச நேரம் நிண்டம். 1914இல இருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடின இடம், 64 புயலில தனுஷ்கோடி அழிஞ்சதோட அந்தப் பாதை முடிஞ்சுது, சண்டையில கோச்சியும் நிண்டு, 2015இல தான் திரும்ப அந்த ஸ்ரேசன் வரைக்கும் கோச்சி வந்தது. ஐயா சின்னனில கப்பல் பாத்தவராம். தம்பி அந்த நேரம் பாத்து பாக்கால ட்ரோனை எடுத்தான். ட்ரோன் விடுறதுக்கு விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ர அனுமதி எடுக்கோணும், இவனட்ட ஒண்டுமில்ல, அதிலயும் நேவி நிக்கிற கரை. ஐயா சத்தம் போடேல்ல, "தம்பி, அதைப் பெட்டிக்குள்ள வை. நீ நாளைக்குப் போயிடுவாய், கேள்வி எங்களட்டத்தான் வரும்" எண்டார். அவன் முகம் சிவந்து போய் வச்சவன், பிறகு பயணம் முடியுமட்டும் அதை வெளியில எடுக்கேல்ல.

ஞாயிறு காலமை மாமி பூசைக்குப் போகேக்க நானும் போனன். கூப்பிடேல்ல, நானாத்தான் கேட்டனான், "கையில்லாத சட்டையோட வராத" எண்டது மட்டும்தான் மறுமொழி. முழங்கால்ல நிக்கிற இடத்தில நான் நிண்டன், எழும்பிற இடத்தில ஒரு செக்கன் பிந்தி எழும்பினன், பக்கத்தில இருந்த மனுசி என்ர முதுகில மெல்லத் தட்டித் தட்டி எழுப்பினா, நற்கருணைக்கு மட்டும் போகாம இருந்த இடத்தில இருந்தன். முடிஞ்சு வெளியில வந்து நிண்ட அரை மணித்தியாலத்திலதான் ஊரே என்னோட கதைச்சது. முதல் ரெண்டு நாளும் றோட்டில கண்டு தலையாட்டினவை எல்லாம் வந்து, மாமி வீட்டில நிக்கிற ஆக்களோ, பிள்ளையள் எங்க, நண்டு சாப்பிட்டீங்களோ. ஞாயிறு அங்க கடலுக்குப் போகமாட்டினம், மீன் இல்ல, அண்டைக்கு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. ஒரு குறையும் இல்ல. பின்னேரம் எருக்கலம்பிட்டிப் பக்கம் போய் ஒரு நானாவின்ர கடையில பிளேன்ரீ குடிச்சம், பாய் எண்டெல்லாம் கூப்பிடாதேங்கோ, அது படம் பாத்துப் பழகினது, இஞ்ச நானா.

திங்கள் வெளிக்கிட முதல் விடியக் கடைசியா ஒருக்காக் கரைக்குப் போனம். ஐயா வரேல்ல, நாங்கள் மட்டும். தம்பி சாரத்தோட, சன்கிறீம் இல்லாம மூக்குத் தோல் உரிஞ்சுபோய் நிக்கிறான். வள்ளம் வந்தது, போய்ப் பிடிச்சான், வியாபாரியள் கூறு கேட்டு முடியுமட்டும் வாயைத் திறக்காம நிண்டான். புதுசா ஒரு வியாபாரி எங்களைக் காட்டி "உவை ஆர்?" எண்டு கேக்க, வலை உதறிக்கொண்டு நிண்ட பெடியன் திரும்பியும் பாக்காம "மாமி வீட்டு ஆக்கள்" எண்டான். ஒரு பாரையும் ஒரு கூறு ஓராவும் வாங்கினம், சனிக்கிழமை சொன்ன விலையில பாதிக்குக் கிட்ட.

திரும்பவும் போவமோ எண்டு கேட்டா, போவம். ஆனா அறை விசயத்தில ஏமாறமாட்டன், போறதுக்கு முதல் நாள் ராவு ஒரு கோலும் வெளிக்கிட்டாப்பிறகு ஒரு கோலும் எடுப்பன். ஏசி, ஷவர், காலமை பஃபே எல்லாம் வேணுமெண்டா டவுனில கெஸ்ட்ஹவுஸ் இருக்கு, அங்க நில்லுங்கோ, மாமியையும் கரைச்சல்படுத்தாதேங்கோ. ராவில வாகனம் ஓடுறவை மெதுவா ஓடுங்கோ, கழுதை கறுப்பு றோட்டில நடுவில படுத்திருக்கும், ஹோன் அடிச்சாலும் எழும்பாது. கருவாடு வாங்கினா ரெண்டு உறை போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கோ. நாங்கள் ஒரு உறையோட கொண்டந்தனாங்கள், வான்காரர் இப்பவும் எங்கட கோலை எடுக்கிறாரில்ல.